ஃபாஸ்ட்டான பாப்-ராக் பாட்டு, புது கை: கேப்போவா, பவர் கார்டா, பார் கார்டா, ரிஃப் மட்டுமா?

கிட்டார் எடுத்து நாலு கார்டு பிடிக்க வந்ததும் முக்காவாசி பேருக்கு ஆசை வர்றது மெதுவான பாட்டு மேல இல்ல, நல்லா துள்ளிக்கிட்டு ஓடற ஒரு பாப்-ராக் பாட்டு மேலதான். அதுல தப்பே இல்ல, பிடிச்ச பாட்டுதான் தினமும் கிட்டாரை கையில எடுக்க வைக்கும். ஆனா அந்த பாட்டை எப்படி வாசிக்கறதுன்னு தேட ஆரம்பிச்சா ஒருத்தர் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரு ஃப்ரெட்ல அழுத்திப் பிடிக்கற கிளிப்) போட்டு ஓப்பன் கார்ட்ஸ் (சில ஸ்ட்ரிங்கை அழுத்தாம விட்டு பிடிக்கற கார்டு) வாசிங்கங்கறார், இன்னொருத்தர் ரெண்டே நோட்டு இருக்கற பவர் கார்டு தெரிஞ்சா போதும்ங்கறார், மூணாவது ஆள் ரெக்கார்டிங்ல இருக்கற மாதிரியே பார் கார்டு (ஆள்காட்டி விரலை ஸ்ட்ரிங் எல்லாத்துக்கும் குறுக்க படுக்க வச்சு பிடிக்கறது) பிடிச்சாதான் அது வாசிப்புங்கறார், நாலாவதா ஒருத்தர் வந்து கார்டெல்லாம் அப்புறம், முதல்ல ரிஃப்பை (பாட்டுக்கு அடையாளமா திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு) கத்துக்கோங்கங்கறார். நாலு பேர் சொல்றதும் சரிதான், அதான் பிரச்சனையே. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுட்டு எதையும் முழுசா முடிக்காம பாட்டே அலுத்துப்போய் விட்டவங்க எக்கச்சக்கம்.

எதை எடுக்கறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுக்கோங்க. இந்த மாதிரி பாட்டு பெரும்பாலும் 120-லேர்ந்து 160 பிபிஎம்-க்குள்ள (நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கற கணக்கு) இருக்கும், நடுவுல 140-ன்னு வச்சுக்குவோம். ஒரு பாருக்கு (தாளத்துல ஒரு சுத்து, பார் கார்டுல வர்ற பார் வேற) நாலு பீட், அப்போ ஒரு பார் முடிய ஒண்ணே முக்கால் செகண்டு கூட ஆகாது. பாருக்கு ஒரு கார்டுன்னா நிமிஷத்துக்கு 35 தடவை கார்டு மாத்தணும், ஒரே பார்ல ரெண்டு கார்டு வந்துச்சுன்னா 70 தடவை. இப்ப டைமரை ஒரு நிமிஷம் வச்சுக்கிட்டு பாட்டுல அடுத்தடுத்து வர்ற ரெண்டு கார்டை மட்டும் மாத்தி மாத்தி பிடிச்சு ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்ட்ரம் அடிச்சு எண்ணிப் பாருங்க. ஜஸ்டின் சாண்டர்கோ அவரோட ஆன்லைன் பாடங்கள்ல ஒன் மினிட் சேஞ்சஸ்னு சொல்லித்தர்ற பயிற்சிதான் இது, ஆரம்ப நிலைக்கு இதைவிட நேர்மையான டெஸ்ட் எனக்குத் தெரிஞ்சு இல்ல. 15 வருதுன்னா அந்த வழியில அந்த பாட்டு இப்போதைக்கு ஓடாது, 40 வருதுன்னா பாருக்கு ஒரு கார்டு வர்ற பாட்டு ஓடிடும், அவ்ளோதான். எந்த வழி நல்லதுன்னு வாதம் பண்றதை விட நாலு வழியிலயும் இந்த ஒரு நிமிஷத்தை வச்சுப் பார்த்தா பாதி பதில் அங்கயே கிடைச்சிடும்.

மீதி பாதி வலது கைல இருக்கு. மெதுவான பாட்டுல இடது கை அரை செகண்டு லேட்டா வந்தா பெருசா யாருக்கும் தெரியாது, ஃபாஸ்ட் பாட்டுல ஸ்ட்ரம்மிங் ஒரு தடவை நின்னுச்சுன்னா கேக்கறவங்க காலாட்டறது நின்னுடும். கார்டு தப்பா விழுந்தா கூட மன்னிச்சிடுவாங்க, பீட் அறுந்தா மன்னிக்க மாட்டாங்க. அதனால நான் எந்த வழியையும் இடது கைக்கு எவ்ளோ ஈஸின்னு பாக்கறதில்ல, வலது கையை நிக்காம ஓட விடுதான்னுதான் பாப்பேன். இந்த ஒரு அளவுகோலை வச்சே நாலையும் பாக்கலாம்.

முதல்ல கேப்போவும் ஓப்பன் கார்ட்ஸும். அக்கூஸ்டிக் வச்சிருக்கறவங்களுக்கு நான் யோசிக்காம சொல்றது இதைத்தான். பாப்-ராக்ல ரொம்ப ரொம்ப அதிகமா வர்ற வரிசை ஒண்ணு-அஞ்சு-ஆறு-நாலு, ஜி கீ-ல சொன்னா ஜி, டி, இ மைனர், சி. இதை புத்தகத்துல இருக்கற மாதிரி பிடிச்சா ஒவ்வொரு மாத்தலுக்கும் மூணு விரலும் தூக்கணும். அதுக்கு பதிலா ஒரு பிடி இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. மோதிர விரலை ரெண்டாவது ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட்லயும் சுண்டு விரலை முதல் ஸ்ட்ரிங்ல (மெல்லிசா இருக்கறது) மூணாவது ஃப்ரெட்லயும் வச்சிடுங்க, இனிமே இந்த ரெண்டு விரலும் எழுந்திருக்கவே கூடாது. ஜி-க்கு நடு விரல் ஆறாவது ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட், ஆள்காட்டி விரல் அஞ்சாவது ஸ்ட்ரிங் ரெண்டாவது ஃப்ரெட். அந்த ரெண்டையும் அப்படியே ஒரு ஸ்ட்ரிங் கீழ இறக்குங்க, சி ஆட் நைன் வந்துடுச்சு. அஞ்சாவதும் நாலாவதும் ஸ்ட்ரிங்ல ரெண்டாவது ஃப்ரெட்ல வச்சா இ மைனர் செவன். ஆள்காட்டியை மட்டும் மூணாவது ஸ்ட்ரிங் ரெண்டாவது ஃப்ரெட்ல வச்சு நடு விரலை தூக்கிட்டா டி சஸ் ஃபோர். நாலு கார்டு, அசையறது ரெண்டே விரல். அந்த அசையாத ரெண்டு நோட்டும் நாலு கார்டுலயும் மேல மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும், நிறைய பாப்-ராக் ரெக்கார்டிங்ல கேக்கற அந்த பளபளப்பு இதுலேர்ந்துதான் வருது. அதனால இதை சுலபத்துக்காக பண்ற ஏமாத்து வேலைன்னு நினைச்சுக்காதீங்க, பெரிய ஆளுங்களும் இப்படித்தான் பிடிக்கறாங்க.

ஒரிஜினல் பாட்டு ஜி-ல இல்லைன்னாதான் கேப்போ. ஒரு ஃப்ரெட் ஏத்தினா அரை ஸ்டெப் ஏறும், அதனால பாட்டு ஏ-ல இருந்தா ரெண்டாவது ஃப்ரெட், பி ஃப்ளாட்னா மூணு, பி-ன்னா நாலு, பிடி மட்டும் அதே ஜி பிடிதான். சிக்கல் எங்க வரும்னா பாட்டு இ-ல இருக்கும்போது, ஜி பிடியை வச்சு அங்க போகணும்னா ஒன்பதாவது ஃப்ரெட்ல கேப்போ போடணும், அங்க விரல் வைக்கவே இடம் இருக்காது, சத்தமும் பொம்மை கிட்டார் மாதிரி ஆயிடும். அப்போ ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டு டி பிடிக்கு போங்க: டி, ஏ, பி மைனர், ஜி. அந்த பி மைனர்தான் இடிக்கும், அதுக்கு பி மைனர் செவன் போட்டுக்கோங்க, அஞ்சாவது, மூணாவது, முதல் ஸ்ட்ரிங் மூணும் ரெண்டாவது ஃப்ரெட், நாலாவதும் ரெண்டாவதும் ஓப்பன், ஆறாவதை அடிக்கக் கூடாது. பாட்டோட ஓட்டத்துல யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கேப்போவை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி பின்னாடி வைங்க, வச்சதும் ஒரு தடவை ட்யூனர்ல பாத்துக்கோங்க, இறுக்கற கேப்போ ஸ்ட்ரிங்கை இழுத்து லேசா ஷார்ப் ஆக்கிடும்.

இந்த வழியோட குறை என்னன்னா நிறுத்தறது கஷ்டம். ஓப்பன் ஸ்ட்ரிங் ஒலிச்சுக்கிட்டே இருக்கும், பாட்டுல டக்கு டக்குன்னு வெட்டி வெட்டி வர்ற இடத்துல உங்க கிட்டார் மட்டும் வழவழன்னு நீண்டுக்கிட்டே போகும். எலக்ட்ரிக்ல டிஸ்டார்ஷன் (சத்தத்தை கரகரப்பாக்கறது) ஏத்தி இதை வாசிச்சா இன்னும் மோசம், ஆறு ஸ்ட்ரிங்கும் ஒண்ணோட ஒண்ணு மோதி ஒரே கூழா கேக்கும்.

எலக்ட்ரிக் வச்சிருக்கறவங்க அதனாலதான் பவர் கார்டு பக்கம் போகணும். ரூட் நோட்டும் (கார்டோட பேர்ல இருக்கற நோட்டு) அதுக்கு அஞ்சாவது நோட்டும், ரெண்டே நோட்டு, நடுவுல மேஜரா மைனரான்னு சொல்ற மூணாவது நோட்டே கிடையாது. டிஸ்டார்ஷன்ல கூழாக்கறதுல பெரிய பங்கு அந்த மூணாவது நோட்டுக்குத்தான், அதை எடுத்துட்டதால எவ்ளோ கெய்ன் (ஆம்ப்ல டிஸ்டார்ஷனை கூட்டற அளவு) ஏத்தினாலும் பவர் கார்டு கெட்டியா நிக்கும். பிடி ஒண்ணே ஒண்ணு: ஆள்காட்டி விரல் ரூட்ல, மோதிர விரல் அடுத்த ஸ்ட்ரிங்ல ரெண்டு ஃப்ரெட் தள்ளி. நம்ம ஜி, டி, இ மைனர், சி வரிசையையே எடுத்துக்கிட்டா ஜி ஆறாவது ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட், டி அஞ்சாவது ஸ்ட்ரிங் அஞ்சாவது ஃப்ரெட், இ அதே ஸ்ட்ரிங்ல ஏழாவது, சி அதே ஸ்ட்ரிங்ல மூணாவது. விரலோட வடிவம் மாறவே மாறாது, கை மட்டும் நகரும். ஒரு நிமிஷ டெஸ்ட்டுல இதுதான் முதல் வாரத்துலயே ஜெயிக்கும். கேப்போவும் வேணாம், பாட்டு எந்த கீ-ல இருந்தாலும் ஃப்ரெட்டை மாத்தினா முடிஞ்சுது.

ஆனா பவர் கார்டுல இடது கை சுலபம்னா அந்த சுலபத்துக்கு வேற இடத்துல விலை கொடுக்கணும், அடிக்கக் கூடாத நாலு ஸ்ட்ரிங்கையும் வாயடைக்கணும். ஆள்காட்டி விரலை நிமிர்த்தி வைக்காம கொஞ்சம் படுக்க வச்சா கீழ இருக்கற மெல்லிசு ஸ்ட்ரிங்கெல்லாம் விரலோட அடிப்பக்கம் லேசா பட்டு அடங்கிடும், அழுத்த வேணாம், தொட்டா போதும். ரூட் அஞ்சாவது ஸ்ட்ரிங்ல இருந்தா அதே விரலோட நுனி மேல ஆறாவது ஸ்ட்ரிங்கை இடிக்கற மாதிரி வைங்க. இதை எல்லா வீடியோலயும் சொல்றதில்ல, ஆனா வீட்ல வாசிக்கறவங்க ஆம்ப்பை ஏத்தினதும் கேக்கற அந்த கொர்ருங்கற இரைச்சல்ல முக்காவாசி இதனாலதான். க்ளீன் டோன்ல வச்சு ஒவ்வொண்ணா அடிச்சுப் பாருங்க, ரெண்டு நோட்டைத் தவிர வேற எது கேட்டாலும் விரலை சரி பண்ணுங்க, அதுக்கப்புறம் கெய்னை ஏத்துங்க, அதையும் நீங்க நினைக்கறதை விட கம்மியா.

அப்புறம் பாம் ம்யூட். வலது உள்ளங்கையோட சுண்டு விரல் பக்க ஓரத்தை பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங் ஆரம்பிக்கற இடத்துல லேசா வச்சு அடிச்சா டக் டக்னு வரும், ரொம்ப முன்னாடி வந்துட்டா நோட்டே செத்துடும், ரொம்ப பின்னாடி போனா ம்யூட்டே ஆகாது, அந்த அரை இன்ச்ச தேடி கண்டுபிடிக்கணும். வெர்ஸ்ல இப்படி அடக்கி வாசிச்சுட்டு கோரஸ் வந்ததும் கையை எடுத்து விட்டீங்கன்னா, அதே கார்டு, அதே வேகம், பாட்டு சட்டுனு ரெண்டு மடங்கு பெருசாகும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் பவர் கார்டுக்கு ஓட்டு போடுவேன், கேப்போ வழியில இந்த ஏத்த இறக்கம் இவ்ளோ சுலபமா கிடைக்காது.

எல்லாத்தையும் டவுன் ஸ்ட்ரோக்லயே அடிக்கணுமான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும். ரமோன்ஸ் பேண்டோட கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் அப்படித்தான் அடிச்சார், அந்த இறுக்கம் அப்-டவுன்ல வராதுங்கறதும் நிஜம்தான், ஆனா 140-ல எட்டாம் நோட்டு முழுக்க டவுன்னா நிமிஷத்துக்கு 280 அடி, புது கைக்கு ஒரு வெர்ஸ் முடியறதுக்குள்ள முன்னங்கை கல்லு மாதிரி இறுகிடும். ஆரம்பத்துல மாத்தி மாத்தி அடிங்க. வலிச்சா நிறுத்திடுங்க, வலியோட வாசிச்சு பழகினா இறுக்கமா வாசிக்கத்தான் பழகும்.

அக்கூஸ்டிக்ல பவர் கார்டு? வரும், ஆனா சப்பையா இருக்கும், தனியா வாசிக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பார் கார்டு கட்சிக்காரங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அதை முதல்லயே சொல்லிடறேன். பார் கார்டுல ஓப்பன் ஸ்ட்ரிங்கே இல்லாததால இடது கையை லேசா தளர்த்தினாலே சத்தம் கட் ஆகிடும், அந்த சக் சக்னு வெட்டற ரிதம் பாப்-ராக்ல நிறைய வரும், அது பார் பிடில வர்ற மாதிரி வேற எதுலயும் அழகா வராது. மேஜர் மைனர் கலரும் முழுசா கிடைக்கும். ஆனா ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசம் ஆன ஒருத்தர் 140 பிபிஎம்-ல நாலு பார் கார்டு மாத்தி முழு பாட்டு வாசிக்கறதுங்கறது, மன்னிச்சுக்கோங்க, நடக்கற காரியமா தெரியல. ஒவ்வொரு மாத்தலுக்கும் வலது கை காத்துக்கிட்டு நிக்கும், நம்ம அளவுகோல்ல அங்கயே ஃபெயில். அதுவும் எல்லாரும் முதல்ல போய் மாட்டறது முதல் ஃப்ரெட் எஃப்-ல, இருக்கறதுலயே கஷ்டமான இடம் அதுதான், நட் (கழுத்தோட தலைப்பக்க முனையில ஸ்ட்ரிங்கை தாங்கற துண்டு) பக்கத்துல இருக்கறதால அங்க ஸ்ட்ரிங்கை அழுத்த பலம் கூட வேணும், நட் கொஞ்சம் உயரமா இருந்துட்டா இன்னும் கொடுமை. பழகணும்னா அதே பிடியை அஞ்சாவது ஃப்ரெட்ல ஏ-வா பிடிச்சு பழகி ஒவ்வொரு ஃப்ரெட்டா கீழ இறங்குங்க, ஆள்காட்டி விரலை தட்டையா வைக்காம கட்டை விரல் பக்க ஓரத்துக்கு லேசா உருட்டி வைங்க.

பாட்டுல ஒரே ஒரு பார் கார்டுதான் குறுக்க நிக்குதுன்னா அதுக்காக முழு பாட்டையும் தள்ளிப் போடாதீங்க. எஃப்-க்கு பதிலா எஃப் மேஜர் செவன், அதாவது நாலாவது ஸ்ட்ரிங் மூணு, மூணாவது ஸ்ட்ரிங் ரெண்டு, ரெண்டாவது ஸ்ட்ரிங் ஒண்ணு, முதல் ஸ்ட்ரிங் ஓப்பன். இதை வச்சு பாட்டை ஓட்டிக்கிட்டே இருங்க, பார் பிடியை தனியா தினம் அஞ்சு நிமிஷம் பழகுங்க, அது தயாரானதும் தானா பாட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். ஸ்ட்ரிங் தடிமனும் இங்க பேசும், அக்கூஸ்டிக்ல சாதாரணமா 12-53 செட் (மெல்லிசு ஸ்ட்ரிங்லேர்ந்து தடி ஸ்ட்ரிங் வரை, இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல) இருக்கும், எலக்ட்ரிக்ல 9-42 இல்ல 10-46, பார் கார்டு எலக்ட்ரிக்ல சீக்கிரம் வர்றதுக்கு இது ஒரு பெரிய காரணம். அதுக்காக ஒரு பாட்டுக்குன்னு இன்னொரு கிட்டார் வாங்க கிளம்பாதீங்க.

ரிஃப் மட்டும் கத்துக்கறதை பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. கேட்டதும் எல்லாருக்கும் பாட்டு தெரிஞ்சிடும், அந்த சந்தோஷம் வேற லெவல், ஆனா எட்டு பார் முடிஞ்சதும் அடுத்து என்னன்னு முழிக்கணும். கூட இன்னொருத்தர் கார்டு வாசிக்கறார்னா தாராளமா ரிஃப்பை எடுத்துக்கோங்க, தனியா வாசிக்கறவங்க கார்டு ஓடினதுக்கு அப்புறம் சேத்துக்கலாம்.

வழியை முடிவு பண்ணியாச்சுன்னா ஸ்ட்ரம்மிங்ல இன்னொரு முடிவு இருக்கு: ஒரிஜினல் பேட்டர்னையே நேரா பிடிக்கறதா, குறைச்சு ஆரம்பிக்கறதா. நான் குறைச்சு ஆரம்பிக்கற பக்கம். முதல்ல பாருக்கு ஒரே ஒரு டவுன், ஃபுல் ஸ்பீடுல, பாட்டோட சேந்து. ஆமா ஃபுல் ஸ்பீடுலதான், ஏன்னா அப்பதான் கார்டு எப்போ மாறுதுன்னு காதுக்கு பிடிபடும். அப்புறம் பீட்டுக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் பேட்டர்ன், எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த டவுன், டவுன்-அப், அப்-டவுன்-அப். இதுல மூணாவது பீட்ல டவுன் கிடையாது பாருங்க, அங்க கையை நிறுத்திடறவங்கதான் தடுமாறுவாங்க, கை கீழ போகணும், ஸ்ட்ரிங்ல படாம போகணும், அவ்ளோதான். கை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கு, சில தடவை ஸ்ட்ரிங்ல படுது, சில தடவை படல, ஸ்ட்ரம்மிங்னா இதுதான். பிக் 0.6 மில்லிமீட்டர் பக்கத்துல மெல்லிசா இருந்தா ஸ்ட்ரம்முக்கு வளைஞ்சு கொடுக்கும், பவர் கார்டுக்கு அதைவிட கொஞ்சம் தடியா.

கடைசி அப் ஸ்ட்ரோக் அடிக்கும்போது இடது கை அடுத்த கார்டுக்கு பறந்துக்கிட்டு இருக்கும், வெறும் ஓப்பன் ஸ்ட்ரிங்தான் அடிபடும், அது பரவாயில்ல. ஓப்பன் கார்ட்ஸ் வழியில ப்ரொஃபஷனல்ஸும் அப்படித்தான் விடறாங்க, அந்த வேகத்துல அது தப்பா கேக்காது. அதை சரி பண்றேன்னு வலது கையை நிறுத்தினாதான் தப்பு. ஆனா சில பாட்டுல அடுத்த கார்டு பார் ஆரம்பத்துல வராம அரை பீட் முன்னாடியே, அதாவது அந்த கடைசி அப்-லயே வந்து விழும், புஷ்னு சொல்வாங்க, பாப்-ராக்ல துள்ளலே இதுலேர்ந்துதான் வரும். உங்க பாட்டுல புஷ் இருந்தா ஓப்பன் ஸ்ட்ரிங் சலுகை அங்க கிடையாது, அரை பீட் முன்னாடியே கை ரெடியா இருக்கணும், அப்போ ரெண்டு விரல் மட்டும் அசையற பிடியோ பவர் கார்டோதான் காப்பாத்தும்.

பழகறதுக்கு மெட்ரோனோமா, பாட்டையே ஸ்லோ பண்ணி வாசிக்கறதாங்கற கேள்விக்கு, ரெண்டும் வேற வேற வேலைக்கு. யூட்யூப்ல 0.75 ஸ்பீடு வச்சா 140 பாட்டு 105 ஆகும், பிட்ச் மாறாது, நிமிஷத்துக்கு 26 மாத்தல்தான், ட்ரம்ஸும் பாடறவர் குரலும் கூடவே வர்றதால எங்க இருக்கோம்னு தெரியும். 0.5 வச்சா சத்தம் தண்ணிக்குள்ள கேக்கற மாதிரி ஆயிடும், அவ்ளோ மெதுவா வேணும்னா மெட்ரோனோமுக்கு போயிடுங்க. குறிப்பா ஒரே ஒரு மாத்தல் மட்டும் இடறுதுன்னா பாட்டை திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து ஓட்டாதீங்க, அந்த ரெண்டு கார்டை மட்டும் மெட்ரோனோம்ல வச்சு அரைங்க. மெதுவா வாசிக்கும்போதும் கையை பெருசா வீசாம மணிக்கட்டுலயே சின்னதா ஆட்டுங்க, பெரிய வீச்சுல பழகின கை ஸ்பீடு ஏத்தினதும் அங்கயே மாட்டிக்கும்.

எல்லாம் சரியா பிடிச்சும் ரெக்கார்டிங்கோட சேந்து வாசிச்சா மட்டும் அரை ஸ்டெப் ஒட்டாம கேக்குதுன்னா கார்டை சந்தேகப்படறதுக்கு முன்னாடி ட்யூனிங்கை பாருங்க. ராக் ரெக்கார்டிங்ல ஆறு ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்டெப் இறக்கி வாசிக்கறது ரொம்ப சகஜம், அவங்க இ பிடிப்பாங்க, உங்க காதுல இ ஃப்ளாட் விழும். பவர் கார்டு வழியில இருந்தீங்கன்னா நீங்களும் ஆறையும் இறக்கிடுங்க, ஸ்ட்ரிங் கொஞ்சம் தளர்றதால விரலுக்கும் சொகுசு. கேப்போ வழியில இருந்தா ட்யூனிங்கை தொடவே வேணாம், அந்த இ ஃப்ளாட்டுக்கு முதல் ஃப்ரெட்ல கேப்போ, டி பிடி, பாட்டை போட்டு கூடவே வாசிக்கலாம்.